சரடும் சட்டமும் அரக்கும்

எங்கள் வீட்டில் யாரும் 1963 என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘பதினாலு காரட்டு வந்தப்ப’ என்றுதான் சொல்வார்கள். சின்ன அத்தை பிறந்தது பதினாலு காரட்டு வந்த மறுவருஷம். பின்கட்டை வாடகைக்கு விட்டது பதினாலு காரட்டு வந்த ஆடியில். பாட்டியின் கல்தோடு அடகுக்குப் போய்த் திரும்பாமலே நின்றுவிட்டதும் அப்போதுதான். சிறுவயதில் அதை நான் ஏதோ ஒரு புயலின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1962 அக்டோபரில் சீனாவோடு போர் வந்தது. தங்கம் கள்ளத்தனமாக நாட்டுக்குள் வருவதால் அந்நியச் செலாவணி கரைகிறது என்று கணக்குப் போட்டு, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். இனி 14 காரட்டுக்கு மேல் யாரும் நகை செய்யக்கூடாது. 24க்கு 14 என்றால் நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம். மீதி செம்பும் வெள்ளியும். கும்பகோணத்துப் பட்டறைகளில் அதுவரை ஓடியது 22 காரட், அதாவது 91 பங்கு சொச்சம். தில்லியில் இருந்தவர்களுக்கு இது ஒரு எண் கழிந்து இன்னொரு எண் வந்த கதை. கம்பியச்சில் தங்கத்தைச் செருகிக் குறட்டால் இழுக்கிறவருக்கு அது வேறு உலோகமாகவே மாறிப்போன கதை. பதினாலு காரட் விறைப்பு. நாலு இழுப்புக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டும், காய்ச்சினால் கறுக்கும், கறுத்ததைப் புளித்தண்ணீரில் போட்டு எடுத்தால் செம்பு முகம் காட்டும். பொறுமையாக அதையும் செய்து கொடுத்தால் வாங்க ஆள் இல்லை. தாலிக்குப் போய் யார் பதினாலு காரட் கேட்பார்கள்?

பத்தர்கள் செத்துப்போன செய்தி பத்திரிகைகளில் வந்தபடி இருந்தது. தாத்தா அதைப் பற்றிப் பேச மாட்டார். எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பேர் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். சர்க்கார் மறுவாழ்வுக்கு வேறு வேலை, கடன், பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை என்று அறிவித்தது. அந்தச் சலுகையில் படித்தவர்தான் என் அப்பா. படித்து பஸ் கண்டக்டர் ஆனார். தட்டுப்பலகைப் பக்கம் அவரை வரவிடவே இல்லை தாத்தா.

தாத்தா மட்டும் ஒருநாள் காலை பற்றுக்குறடு, சாமணம், அரம் எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் சுவாமிமலைக்குப் போனார். மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர். அங்கே ஒரு ஸ்தபதியின் பட்டறை வாசலில் நின்றார்.

“பத்தரே, சிலைக்கு நகை போடத் தெரியுமா?”

“அம்பாளுக்குப் போட்டிருக்கேங்க.”

“அது மேல போடுறது. இது கூடவே பொறக்கிறது.”

இந்த உரையாடலைத் தாத்தா நூறு தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஸ்தபதியின் குரல் கொஞ்சம் கனத்துக்கொண்டே போகும். நாள்கூலி மூன்று ரூபாய் என்று பேசி உட்காரவைத்தார்களாம். முதல்நாளே தாத்தா கொண்டுபோன உளி மூன்றும் முனை மழுங்கின. தங்கத்தில் உளி தள்ளித்தான் பழக்கம். வெண்கலத்தில் தள்ளினால் உளிதான் வழுக்கும், அடித்து வெட்ட வேண்டும். மறுநாள் கொல்லுப்பட்டறைக்குப் போய், தான் வைத்திருந்த உளிகளின் வடிவத்திலேயே இரண்டு மடங்கு தடிமனில் அடித்து வாங்கிக்கொண்டார். அந்த உளிகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்த குழி இன்னும் தெரிகிறது.

சுவாமிமலையில் அந்த வேலை ஊன்றியதற்கு ஆற்றுமண் ஒரு காரணம். காவிரி கொண்டுவந்து படிய வைக்கும் வண்டல், மாவு மாதிரி. தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அதில் சாமியை முழுதாகச் செய்கிறார்கள். உயரம் குறித்துத் தென்னை ஓலையை நறுக்கி, அளவுக்கு மடித்து மடித்துக் கோடு போட்ட ஒடியோலைதான் அவர்களுக்கு அளவுகோல். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாளம், 124 அங்குலம். அம்பாளுக்கு மத்திம தசதாளம், 120. இந்த அங்குலம் கடையில் விற்கும் இஞ்ச் இல்லை. செய்யப்போகும் சிலையின் உயரத்தையே அத்தனை பங்காக வகுத்து வருவது. அதனால் கைக்குள் அடங்கும் சாமிக்கும் ஆளுயரச் சாமிக்கும் கணக்கு ஒன்றுதான். மெழுகின் மேல் முதல் பூச்சு துணியில் சலித்த வண்டல், கருக்கிய உமி, சாணம். அடுத்த பூச்சு களிமண்ணும் மணலும். இரும்புக் கம்பி சுற்றி நிழலில் உலர்த்தி, வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி வழிந்துவிடும். மண்ணுக்குள் சாமி இருந்த இடம் வெறும் இடமாக நிற்கும். அச்சைக் குழியில் புதைத்து, மூசையில் உருகிய உலோகத்தை அந்த வெறுமைக்குள் ஊற்றுவார்கள். மெழுகின் எடையைப் போல் ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும் என்பது சுமாரான கணக்கு. பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் பித்தளை, ஈயம். ஐந்து உலோகம் என்று சொல்ல வேண்டுமே என்பதற்காகப் பொட்டுத் தங்கமும் பொட்டு வெள்ளியும்.

அந்தப் பொட்டுத் தங்கத்தைச் சிலை செய்யச் சொன்ன வீட்டார்தான் கொண்டுவருவார்கள். பெண்கள் மூக்குத்தியைக் கழற்றி மூசைக்குள் போடுவதைத் தாத்தா முதல்முதலாகப் பார்த்தது அங்கேதான். ஊரெல்லாம் தங்கம் செய்யாதே என்று சட்டம் போட்டிருக்கிற நாளில், நெய்விளக்கு மாதிரி பச்சையும் மஞ்சளுமாய்ச் சுவாலை விடுகிற செம்புக்குள் இருபத்திரண்டு காரட் மூக்குத்தி விழுந்து காணாமல் போனது. “எனக்கு வயிறு எரிஞ்சுது பாப்பா” என்பார். பொற்கொல்லன் அல்லவா!

1966இல் 14 காரட் விதி நீங்கியது. 1968இல் தனிச் சட்டமே வந்தது. உரிமம், சான்றிதழ், பத்தர் கையில் 100 கிராமுக்கு மேல் கட்டித்தங்கம் கூடாது, கணக்கு. அது 1990 வரை நீடித்தது. நிறையப் பேர் பழைய தொழிலுக்குத் திரும்பினார்கள். தாத்தா முழுதாகத் திரும்பவில்லை. காலையில் சுவாமிமலை, பொழுது சாய்ந்தபின் வீட்டுத் திண்ணையில் குமுட்டி அடுப்பு என்று இரண்டிலுமாய் இருந்தார். அவருக்குள் இரண்டு வேலையும் கலந்துவிட்டன. அந்தக் கலப்படத்தில் வளர்ந்தவள் நான். இன்று சிற்பி என்று ஒரு அட்டையும் நகை வடிவமைப்பாளர் என்று ஒரு அட்டையும் வைத்திருக்கிறேன். பர்ஸில் இரண்டும் ஒட்டிக்கொண்டு எது வருகிறதோ அதைக் கொடுக்கிறேன்.

எனக்குப் பத்து வயதில் தாத்தா ஒரு மெழுகுருண்டையைக் கொடுத்தார். பலகையை ஈரப்படுத்தி, உள்ளங்கையால் உருட்டி ஒரு முழத்துக்கு நூல் இழுக்கச் சொன்னார். அறாமல், எங்கும் தடித்தும் இளைத்தும் போகாமல். பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒரு மணிநேரம். கை சூடாக இருந்தால் மெழுகு இளகி ஒட்டும். குளிர்ந்திருந்தால் விரிசல் விடும். மூன்று மாதம் ஆயிற்று ஒரு முழம் வர. அடுத்து இரண்டு நூலை முறுக்கிச் சரடு. அதைச் சின்னச் சின்ன வளையமாக நறுக்கினால் மணி. நுனி சூடாக்கிய கம்பியால் தொட்டுத்தொட்டு ஒட்டினால் ஆரம். எல்லாமே தங்கத்தில் செய்கிற வேலைதான். தங்கத்துக்குப் பொடி வைத்து ஊத வேண்டும், இங்கே ஊதாங்குழல் வேண்டாம். (‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்கிறோமே, அந்தப் பொடி எங்கள் திண்ணைப் பொடிதான் என்பது தாத்தா கட்சி.) பெண்பிள்ளை பட்டறையில் உட்காரக்கூடாது என்று பாட்டி முணுமுணுத்தாள். “மெழுகுதானே, அப்பள மாவு மாதிரி” என்று தாத்தா அவள் வாயை அடைத்துவிட்டார். அந்த அப்பள மாவு சமாதானம் இல்லையென்றால் நான் இப்போது என்ன செய்துகொண்டிருப்பேனோ.

பதினாலு வயதில் ஒரு தப்பு செய்தேன். அம்பாள் சிலை ஒன்றுக்கு, முழங்கை உயரம் இருக்கும், வலது மணிக்கட்டில் நாலு வளையல் போடும் வேலையை என்னிடம் விட்டார்கள். பெருமை தாங்கவில்லை. நெருக்கமாக இருந்தால் அழகு என்று நாலையும் ஒட்டினாற்போல் வைத்தேன். மெழுகில் பார்க்க அவ்வளவு லட்சணம். வார்த்து உடைத்தால் மணிக்கட்டில் ஒரே ஒரு பட்டை, பூண் பிடித்த உலக்கை மாதிரி. வளையலுக்கும் வளையலுக்கும் நடுவே வண்டல் நுழைய வழி இல்லாமல் உலோகம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஸ்தபதி எதுவும் சொல்லவில்லை. தாத்தா மூன்று நாள் உட்கார்ந்து மெல்லிய அரத்தால் அந்தப் பட்டையை நாலாகப் பிரித்தார். கூலி கேட்கவில்லை. நாலாவது நாள் என் கையில் அரத்தைக் கொடுத்து, “மண்ணுக்கு இடம் விடணும் பாப்பா. தங்கத்துல அரக்குக்கு இடம் விடுற மாதிரி” என்றார்.

இந்த அரக்கு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கும்பகோணத்திலேயே ஓவியக் கல்லூரி இருந்ததால் சிற்பம் படிக்க வீட்டில் தடை சொல்லவில்லை. பிறகு சென்னை எழும்பூர்க் கல்லூரி. அது 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி. இரண்டு வருஷத்தில் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கைத்தொழில் வளர்ப்பதுதான் நோக்கம். மர வேலை, உலோக வேலை, நகை வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார்; நம் அடுக்களைகளுக்கு அலுமினியம் வந்தது அப்படித்தான். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தபின் கலை மேலே போய்க் கைத்தொழில் கீழே இறங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த நாலு பேர் உடம்பில் பொட்டு நகை கிடையாது. அவருக்கு உடம்பு போதும்.

எனக்குப் பிடித்தவர் பி. வி. ஜானகிராம். 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரான பிறகு அந்தக் கல்லூரியில் வேறு காற்று வீசியது. 1966இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் பலர் அங்கே வயிறு கழுவினார்கள். ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டிப் புடைத்து, அதன் மேல் கீற்றும் கம்பியும் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். முன்பக்கம் மட்டும்தான், பின்னால் குழிவு. கல்லூரியில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோயிலில் மூலவருக்குச் சாத்துகிற கவசம் அது. தாத்தா வெள்ளியில் பண்ணுவதை இவர் செம்பில் பண்ணிச் சிற்பம் என்று பெயர் வைத்திருக்கிறார். ஊருக்குப் போனபோது படத்தைக் காட்டினேன். தாத்தா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, “பத்து ஒட்டு வச்சிருக்கான், நல்லா ஒட்டியிருக்கான்” என்றார். இதைவிட உயர்ந்த விமர்சனம் ஜானகிராமுக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

எழும்பூரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து அருங்காட்சியகத்தின் வெண்கலக்கூடம்தான் எனக்குச் சினிமா. அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறது. மூன்று கை. வலப்பக்கம் ஆணுக்கு இரண்டு, இடப்பக்கம் பெண்ணுக்கு ஒன்று. வலது காலில் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது, இடது காலில் கணுக்கால் வரை இறங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் முகத்தையும் மார்பையும் பார்ப்பார்கள். நான் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டு உடுப்பும் சந்திக்க வேண்டிய இடம் அது. அங்கே மெழுகில் எவன் கை வைத்தானோ, அவனுக்குத் துணி கட்டவும் தெரிந்திருக்கிறது, அட்டிகை கோர்க்கவும் தெரிந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சிலைகளில் நகை பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கிறது. வார்த்தபின் உளி பட்ட தடம் குறைவு, விளிம்பெல்லாம் உருட்டியதுபோல மழமழப்பாக இருக்கும். இன்று சுவாமிமலையில் நுணுக்கம் பெரும்பாலும் வார்த்த பிறகுதான் உளியால் வெட்டப்படுகிறது; விளிம்பு கூர்மையாக இருக்கும். எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மெழுகுக்காரி என்பதால் என் வாக்கு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

அதே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் நிற்கிறார். 1011இல் செய்தது, பக்கத்தில் நிற்கும் அம்பாள் அடுத்த வருஷம். சாய்ந்து நிற்கக் காளை இருந்திருக்கும், இப்போது இல்லை. கை மட்டும் வெறும் காற்றில் சாய்ந்திருக்கிறது. சடையைத் தலைப்பாகைபோல் சுருட்டிப் பாம்பால் கட்டியிருக்கிறார். நகை மிகக் குறைவு. தாத்தாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, “இவரு எனக்கு வேலையே வைக்கலையே” என்றார்.

அன்றைக்குத்தான் பெரிய கோயிலுக்கும் போனோம். கோயில் சுவரில் எழுத்தாக இருப்பது ராஜராஜனின் கணக்குப்புத்தகம். தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டும்படி 26ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டிருக்கிறான். 1886இல் அரசுக் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் இவற்றைப் படித்து அச்சில் ஏற்றினார். எனக்கு அந்தத் தொகுதி கல்லூரி நூலகத்தில் கிடைத்தது. அரசியல் வரலாறு படிக்கத்தான் எடுத்தேன். பத்துப் பக்கத்துக்குள் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

செப்புத் திருமேனி ஒவ்வொன்றுக்கும் முழம், விரல், தோரை என்று உயரம் குறித்திருக்கிறது. கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலா என்று எழுதியிருக்கிறது. அடுத்து அந்தத் திருமேனிக்குக் கொடுத்த நகை. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை. எத்தனை காசு என்று விலை. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தங்கம் நிறுக்கும் கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர், நகை நிறுக்கும் கல்லுக்கு தட்சிணமேரு விடங்கன். கோயில் சாமியின் பெயரையே எடைக்கல்லுக்கு வைத்துவிட்டால் எவன் குறைத்து நிறுப்பான்? முத்தை மட்டும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று பிரித்திருக்கிறார்கள். ஒளியைக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்கிறார்கள். இன்றைக்கும் கல் பார்க்கிறவர்கள் நீரோட்டம் என்றுதானே சொல்கிறார்கள்.

என்னை நிறுத்தியது வேறொன்று. எடை சொல்லும் இடத்தில் சரடும் சட்டமும் அரக்கும் பிஞ்சும் உட்பட என்று வருகிறது. தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். வயசானவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கல் பதித்த நகை உள்ளே கூடு. மெல்லிய தங்கத்தகட்டில் பெட்டி கட்டி, உள்ளே அரக்கை உருக்கி நிரப்பி, அதன் மேல் கல்லை உட்காரவைத்து விளிம்பை அழுத்துவார்கள். அரக்கு இல்லாவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் தகடு அமுங்கிவிடும். ஆகவே நகையைத் தராசில் வைத்தால் தங்கம், கல், அரக்கு, கோர்த்த கயிறு எல்லாம் சேர்ந்துதான் எடை. தங்கம் எவ்வளவு என்று தனியாகத் தெரிய வேண்டுமானால் நகையை உடைக்க வேண்டும். சாமி நகையை உடைப்பார்களா? உடைக்காமல் நிறுத்து, உள்ளே இன்னதெல்லாம் இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறான். “பில்லு போட்டிருக்காம்பா!” என்றார் தாத்தா. தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்த ஊர் இது. அவருக்கு அந்த ‘உட்பட’ என்ற ஒரு சொல் நற்சான்றுப் பத்திரம் மாதிரி இருந்தது. கோயிலில் பணிசெய்தவர்களின் பட்டியலில் தச்சனும் கன்னானும் தட்டானும் ரத்தினம் தைக்கிறவனும் வரிசையாக வருவதையும், பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும் சொன்னேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. அரக்கிலேயே இருந்தார்.

பழிச்சொல் என்றதும் சிலப்பதிகாரம் வந்துதானே தீரும். எங்கள் தெருவில் கோவலன் கூத்து போட்டால் பாட்டி கதவைச் சாத்திவிடுவாள். தாத்தாவுக்கு அந்தக் கதையில் இருந்த சந்தேகமே வேறு. கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவி சிலம்பில் முத்துப் பரல். மாணிக்கத்தை உள்ளே போட்டு மூடிப் பொடி வைத்து ஊதினால் கல் சூடு தாங்கும். முத்து தாங்காது, நிறம் செத்துக் கருகும். “அப்ப ராணி சிலம்பை எப்படி மூடுனான்?” மூட்டில் பற்றவைக்காமல் கடையாணி போட்டிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கடையாணி இருந்தால் திறந்து பார்த்திருக்கலாம், எறிந்து உடைத்திருக்க வேண்டாம், மதுரை எரிந்திருக்காது. இதை எந்தத் தமிழாசிரியரிடம் சொல்ல?

சென்னையில் படிப்பு முடிந்து ஒரு நகை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கோயில் நகை என்று ஒரு வரிசை கொண்டுவரப் போவதாகச் சொல்லி என்னை வடசேரிக்கு அனுப்பினார்கள். நாகர்கோவிலை ஒட்டிய ஊர். தலைசாமான், ஒட்டியாணம், ராக்கொடி, சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் பதித்து, வெள்ளியில் கட்டித் தங்கம் ஏற்றுகிறார்கள். சாமிக்குச் செய்தது, ஆடும் பெண்களுக்கு வந்து, மணப்பெண்களுக்கு வந்தது. அங்கே ஒரு பெரியவர் அரக்கு ஊற்றுவதைப் பார்த்தேன், தாத்தா கை அப்படியே. திரும்பிவந்து முப்பது வடிவம் வரைந்து கொடுத்தேன். மேலாளர் எல்லாவற்றிலும் சாமி உருவம் வேண்டும் என்றார். லட்சுமி, பிள்ளையார், மயில், கூட ஒரு லட்சுமி.

இதுவும் புதிதில்லை. மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கம்பெனி நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ‘சாமி’ வேலை என்ற பெயரில் வெள்ளியிலும் தங்கத்திலும் தெய்வ உருவங்களைப் புடைத்துக் காப்பும் தேநீர்க் கிண்ணமும் விற்றது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்துபோன பின் சீமையில் அதற்கு ஏக கிராக்கி. தட்டியவர்கள் நம் பத்தர்கள். கும்பிடுகிற சாமியைத் துரைசானி மணிக்கட்டில் சுற்றுவதற்குத் தட்டும்போது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கூலியைத்தான் நினைத்திருப்பார்கள். என் முப்பது வடிவங்களில் பதினெட்டு கடைக்கு வந்தன. வேறொருவர் பெயரில். மாதச் சம்பளம் வாங்குகிறாயே, அப்புறம் என்ன பெயர் என்று கேட்டார்கள். சிலையிலும் பெயர் போடுவதில்லைதான். ஆனால் சிலை செய்தவனை விட்டுவிட்டு இன்னொருத்தன் பெயரைப் போட்டதாக எந்தக் கல்வெட்டிலும் நான் படிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

தாத்தா கடைசியாகச் செய்தது ஒரு உளி. நான் வார்த்த முதல் பெரிய சிலை, இரண்டடி உயரச் சிவகாமி. கண்திறப்புக்குத் தங்க உளியும் வெள்ளிச் சுத்தியலும் வேண்டும். உலோகத்தில் கண்வரி ஏற்கெனவே வெட்டியாகிவிடும். தங்க உளி சடங்குக்குத் தொடுவதுதான், மெத்தென்ற தங்கம் வெண்கலத்தை என்ன செய்யும்? அதனால் பதினெட்டுக் காரட்டில் செய்தால் முனை நிற்குமே தாத்தா என்றேன். தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 1963 முழுசும் இருந்தது. இருபத்திரண்டில்தான் செய்தார். முதல் தொடுகையிலேயே முனை வளைந்தது. வளைந்தபடியே வைத்திருக்கிறேன்.

அவர் போன பிறகு, கருமாதி முடிந்த வாரம், அரிப்புக்காரர் வந்தார். பட்டறைத் தூசியை வாங்கிக் கழுவி, பாதரசம் விட்டுப் பொன்பொடி பிரிக்கிறவர்கள். முன்னெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்களாம். “இப்ப இங்க மெழுகும் செம்பும்தான் தம்பி” என்று அம்மா திருப்பி அனுப்பப் பார்த்தாள். அவர் போகவில்லை. திண்ணையில் குமுட்டி இருந்த மூலையைக் காலால் தேய்த்துப் பார்த்து, அந்தத் தரையை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி எடுத்துக்கொள்ளட்டுமா, திரும்பப் பூசித் தந்துவிடுகிறேன் என்று கேட்டார்.

ஒன்பது நாள் கழித்து ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்தார். வந்ததில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு என்பது பேச்சு. எங்கள் பாதி மிளகளவு உருண்டை. தாத்தாவின் சின்னத் தராசை எடுத்து, அவர் வைத்திருந்த குன்றிமணிகளைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து குன்றி. அம்மா உரைகல்லை எடுத்துவரச் சொன்னாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு சாமானைக்கூடத் தொட்டறியாதவள், தானே உரசி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“இருபத்திரெண்டு” என்றாள்.